சில்லுக்கு ஒரு கல்

ஹட்டனில் சைக்கிளைப் பூட்டலாம்; நிறுத்த முடியாது. யாழ்ப்பாணத்தில் இருந்து இதை வாசிக்கும் உங்களுக்கு இது விளங்குவது கடினம். அங்கே ஸ்டாண்டைத் தட்டிவிட்டுப் போனால் சைக்கிள் விட்ட இடத்தில் நிற்கும். பொழுதுபட்டு வந்து பார்த்தாலும் அப்படியே நிற்கும். அது சைக்கிளின் குணம் என்றுதான் நான் முப்பது வயது கடந்தும் நம்பிக்கொண்டிருந்தேன். அது நிலத்தின் குணம் என்று 2002 இல்தான் தெரிந்தது. அந்த ஆண்டு சித்திரையில், போரால் மூடிக்கிடந்த ஏ-ஒன்பது பாதை திறந்ததும், என் தம்பி என்னுடைய பழைய சைக்கிளை ஒரு வெங்காய லொறியில் மூட்டைகளுக்கு மேலே போட்டு அனுப்பினான். அது கொழும்பு வந்து, வேறொரு லொறி மாறி, சில்லுக் கம்பிகளுக்கிடையில் வெங்காயச் சருகுகளோடு ஹட்டனுக்கு வந்து சேர்ந்தது. அடுத்த காலையில் பெருமையோடு பள்ளிக்கூடத்துக்கு ஓட்டிப்போய், ஆசிரியர் அறை வாசலில் நிறுத்திவிட்டு உள்ளே போனேன். வரவுப் புத்தகத்தில் கையொப்பம் வைத்து முடிக்கவில்லை, வெளியே பிள்ளைகளின் ஆரவாரம் கேட்டது. என் சைக்கிள் யாருமில்லாமல் தானாகவே முற்றத்தில் இறங்கி, கொடிக்கம்பத்தைத் தாண்டி, செம்பருத்தி வேலிக்குள் போய்ப் படுத்திருந்தது.

அதை எடுத்துவந்தவர் செல்வராஜ். கீழ் வகுப்புகளுக்குத் தமிழ் படிப்பிப்பவர். வட்டவளைப் பக்கத்துத் தோட்டத் தொழிலாளர் லயமொன்றில் பிறந்து, படித்து, தன் ஊரிலேயே ஆசிரியரானவர். அவர் சைக்கிளை நிறுத்திவிட்டு, சுற்றுமுற்றும் பார்த்து ஒரு கல்லைப் பொறுக்கி, பின்சில்லுக்குக் கீழே காலால் இடித்து வைத்தார்.

“லொறிக்கு வக்கிற மாதிரி முட்டுக் குடுக்கணும் சார். இது ஒங்க ஊரு இல்ல. இங்க எதையும் சும்மா வுட்டுட்டுப் போனா உருண்டு போயிரும்” என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்து, “ஒங்க ஊரு வாத்தியாருங்களும் அப்படித்தான். முட்டுக் குடுக்கலன்னா நேரா வடக்க பாத்து உருண்டுருவாங்க” என்றார்.

ஆசிரியர் அறை முழுவதும் சிரித்தது. அந்தச் சிரிப்பில் ஒரு முள் இருந்ததை இங்கு வந்து படிப்பிக்கும் நம்மவர்கள் எல்லோரும் அறிவார்கள். நான் 1997 இல் கப்பலில் திருகோணமலை வந்து, அங்கிருந்து பஸ் பஸ்ஸாக மாறி ஹட்டனுக்கு வந்தவன். நியமனம் இங்கே கிடைக்கிறது. மனம் முதல் நாளிலிருந்தே இடமாற்றத்தில் இருக்கிறது. கணிதம், விஞ்ஞானம் என்றால் மலையகத்துப் பள்ளிக்கூடங்களில் யாழ்ப்பாணத்து ஆசிரியர் வருவார், பிள்ளைகள் அவருடைய பேச்சுக்குப் பழகுவார்கள், பழகி முடிய அவர் போய்விடுவார். செல்வராஜின் பகிடி அதைத்தான் சொன்னது. எனக்குக் கோபம் வரவில்லை. அன்று பின்னேரமே இருவரும் நண்பர்கள் ஆகிவிட்டோம், ஏனென்றால் அவர் வெட்கப்படாமல் ஒன்று கேட்டார்: “எனக்கு சைக்கிள் பழக்கித் தர்றீங்களா?”

முப்பது வயதில் ஒருவருக்குச் சைக்கிள் ஓடத் தெரியாது என்பது நமக்கு நம்ப முடியாத செய்தி. நம் ஊரில் பிள்ளை நடக்கப் பழகுவதும் சைக்கிளின் குறுக்குத் தடிக்குள் கால் விட்டு ஓடப் பழகுவதும் கிட்டத்தட்ட ஒரே காலம். எரிபொருள் இல்லாத தொண்ணூறுகளில் கல்யாண வீட்டுக்கும் ஆசுபத்திரிக்கும் சந்தைக்கும் சைக்கிளே வாகனம். தொண்ணூற்றைந்து இடப்பெயர்வில் வீட்டையே அதில் கட்டிக்கொண்டு வெளிக்கிட்டவர்கள் நாங்கள். இதைச் சொன்னபோது செல்வராஜ், “லயத்துல பொறந்தவனுக்கு சைக்கிள் எதுக்கு சார்? வாசல விட்டு எறங்குனா படிக்கட்டு. படிக்கட்டு முடிஞ்சா ஆறு” என்றார். ஹட்டனில் சமதரையென்று இருக்கும் ஒரே இடமான விளையாட்டு மைதானத்தில், ஞாயிற்றுக்கிழமைகளில், நான் இருக்கையைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஓடினேன். கிரிக்கெட் விளையாடும் பெடியள் ஆட்டத்தை நிறுத்திவிட்டு எங்களைப் பார்த்தார்கள். “சார் விழுறாரு!” என்று நேர்முக வர்ணனை வேறு. மழைக்காலம் முடிவதற்குள் அவர் பழகிவிட்டார். நுவரெலியாவில் ஒருவரிடம் பச்சை நிறத்தில் கியர் வைத்த பழைய சைக்கிள் ஒன்றும் வாங்கினார். கியரை மட்டும் ஒருநாளும் மாற்றியதில்லை. “அதத் தொட்டா கடகடங்குது சார். சும்மா இருக்கிறத எதுக்குத் தொந்தரவு பண்ணணும்?”

2003 ஜனவரியில் எனக்கு இடமாற்றம் வந்தது. ஆறு வருடம் காத்திருந்தது கைக்கு வந்துவிட்டது. அம்மா தொலைபேசியில், “அறையைக் கூட்டித் துடைச்சு வைச்சிருக்கிறன். எப்ப வாறாய்?” என்று கேட்டார். நான் செல்வராஜுக்கு மட்டும் சொன்னேன். அவர் “நல்லது சார்” என்றார். பிறகு சில நாள் வழக்கமான பகிடி எதுவும் இல்லை. தைப்பூசம் நெருங்கியபோது தேத்தண்ணிக் கடையில் வைத்து, பூசத்துக்கு மறுநாள் ஞாயிறு, கினிகத்தேனையில் இருக்கும் தன் அக்கா வீட்டுக்கு இருவரும் சைக்கிளில் போய் வரலாம் என்றார். நான் ஊருக்குப் போவதற்கு முன் ஒரு நெடும் பயணம் போனதாக இருக்கட்டுமாம். நான் உடனே சம்மதித்தேன். அப்போதுதான் அவர் பந்தயத்தை எடுத்தார்.

அதற்கு முன் ஒன்றைச் சொல்ல வேண்டும். ஹட்டனில் என் சைக்கிள் ஓட்டத்துக்கு நானே ஒரு சட்டம் வைத்திருந்தேன்: எந்த ஏற்றத்திலும் இறங்கித் தள்ளுவதில்லை. மூச்சு முட்டும், தெருவின் இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் பாம்புபோல வளைந்து வளைந்து உழக்குவேன், ஆனால் இறங்கமாட்டேன். காரணம் உங்களுக்குத் தெரியும். தொண்ணூற்றாறுக்குப் பிறகு ஊரில் ஒவ்வொரு இராணுவச் சென்ரியிலும் இறங்கி, சைக்கிளை உருட்டி, தலையைக் குனிந்து, அடையாள அட்டையைக் காட்டி நடந்தவர்கள் நாம். அந்த நடைக்குப் பிறகு, சைக்கிளை உருட்டுவது என்றாலே எனக்கு அதுதான். இதை ஒருமுறை செல்வராஜுக்குச் சொல்லியிருந்தேன். அவர் அதை மறக்கவில்லை.

“ஹட்டன்லேந்து கினிகத்தேனைக்குப் போயி, திரும்ப ஹட்டன் வர்ற வரைக்கும் நீங்க எறங்கித் தள்ளலன்னா, நானே ஒங்க சைக்கிளக் கட்டி லொறியில ஏத்தி வுடுறேன். ஒரு வார்த்த சொல்ல மாட்டேன். எறங்கித் தள்ளுனீங்கன்னா, டிசம்பர் பரீட்ச முடியிற வரைக்கும் நீங்க இங்கதான். சரியா?”

“அப்ப நீர் இறங்கினால்?”

“நான் பந்தயத்துலயே இல்லயே சார். நான் எறங்குவேன், உக்காருவேன், முடியலன்னா பஸ்ஸுல கூட ஏறிக்குவேன்.”

“விசரே உமக்கு? உத்தியோகத்தை வைச்சுப் பந்தயம் கட்டிறதோ?” என்றேன். ஆனால் கை கொடுத்தேன். தூரம் எனக்குத் தெரியும். யாழ்ப்பாணத்திலிருந்து பருத்தித்துறைக்குப் போவதை விடக் குறைவு. அரை நாளும் தேவையில்லை என்று கணக்குப் போட்டேன். கணித ஆசிரியன் போட்ட கணக்கு. நம் ஊரில் போகும் தூரமும் வரும் தூரமும் ஒன்றுதான். சோளகக் காற்று வீசினால் மட்டும் கொஞ்சம் வித்தியாசம். போகும்போது முழுக்க இறக்கம் என்றால் வரும்போது அது என்னவாக இருக்கும் என்று ஒரு யாழ்ப்பாணத்தான் யோசிக்கமாட்டான். யோசிக்கத் தெரிந்த செல்வராஜ் தேத்தண்ணியை ஊதிக்கொண்டிருந்தார்.

அந்தக் காலையை நினைக்கும்போதெல்லாம் என் முகம் தானாக மலர்கிறது. பனி இன்னும் தேயிலைச் செடிகளின் மேல் கிடந்தது. ஹட்டனைத் தாண்டியதும் தெரு சரிந்தது. நான் உழக்குவதை விட்டேன். நம் ஊரில் சைக்கிள் நாம் உழக்கிய அளவுக்குத்தான் ஓடும், ஒரு முழம் கூட இனாமாகத் தராது. இங்கே மலை அள்ளிக் கொடுத்தது. காது இரண்டிலும் காற்று, கண்ணில் நீர், ஒவ்வொரு வளைவிலும் புதிதாக ஒரு பள்ளத்தாக்கு. ரயில் பாதை ஒருமுறை இடது பக்கம் வந்தது, கொஞ்சம் கழித்து எங்கோ மேலே போயிருந்தது. முதல் நாள் பூசத்துக்குக் கட்டிய ஒலிபெருக்கி ஒரு தோட்டத்துக் கோயிலில் இன்னும் பாடிக்கொண்டிருந்தது. எனக்குப் பின்னால் செல்வராஜின் இரண்டு பிரேக்குகளும் வழி முழுக்க அழுதுகொண்டே வந்தன.

“சார், மெதுவா! மெதுவா போங்க! கீழ யாரும் நமக்காக சோறாக்கி வச்சுக்கிட்டு நிக்கல!”

“உம்முடைய அக்கா வைச்சிருக்கிறா எண்டுதானே சொன்னீர்?”

“முழுசா போனாதான சார் திங்க முடியும்!”

வட்டவளையை அண்டிய ஒரு மலையில் ஞாயிற்றுக்கிழமையும் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த பெண்கள் அவரை அடையாளம் கண்டுவிட்டார்கள். தெருவுக்கு மேலே நிரையாக நின்று ஒருத்தி கூவினாள்: “ஏ செல்வராசு வாத்தி! ரெண்டு காலு பத்தலயா ஒனக்கு?” இன்னொருத்தி, “சைக்கிளு அத ஓட்டுதா, அது சைக்கிள ஓட்டுதான்னு பாருடி!” என்றாள். மலை முழுவதும் சிரித்தது. செல்வராஜ் கையை எடுத்து அசைக்கப் பயந்து தலையை மட்டும் ஆட்டினார்.

கொஞ்சம் சமனாகத் தெரு வந்த ஓர் இடத்தில் நான் பழைய பழக்கத்தில் அவருக்குப் பக்கமாகப் போய் அவர் தோளில் கையைப் போட்டேன். நம் ஊரில் சிநேகிதர் இருவர் சைக்கிளில் போனால் அப்படித்தான் போவார்கள், ஒருவர் தோளில் மற்றவர் கை, வாய் ஓயாத கதை. செல்வராஜ் அலறினார். “கைய எடுங்க சார்! எனக்கு இன்னும் கல்யாணம்கூட ஆகல!” நான் சிரித்த சிரிப்பில் இருவரும் விழப்பார்த்தோம்.

கினிகத்தேனையில் குளிர் இல்லை. செல்வராஜின் அக்கா சரோஜா அங்கே சின்னக் கடையொன்று வைத்திருந்தார். கடைக்குப் பின்னால் வீடு. “வாங்க சார், வாங்க. இந்தப் பய சைக்கிள்ல வர்றேன்னதும், ஆளு வருமோ சேதி வருமோன்னு இருந்தேன்” என்று சொல்லிக்கொண்டே சோறு போட்டார். பொலஸ் எனும் பலாப்பிஞ்சில் கறி, கருவாட்டுக் குழம்பு, கீரை. நான் இரண்டாம் முறை சோறு வாங்கியபோது அவர் மகளைப் பற்றிப் பேசத் தொடங்கினார். மகள் வனிதா ஹட்டனில் மாமன் செல்வராஜ் வீட்டில் தங்கி எங்கள் பள்ளிக்கூடத்தில் படிக்கிறாள். டிசம்பரில் சாதாரண தரப் பரீட்சை. என்னுடைய கணித வகுப்பில் மூன்றாவது வரிசையில் இருப்பவள்.

“முந்தியெல்லாம் கணக்குன்னா வயித்து வலின்னு படுத்துக்குவா சார். இதுக்கு முன்ன இருந்த சாரு பாதியில போயிட்டாரு, அதுலேந்து. இப்ப லீவுக்கு வந்தாகூட கணக்குத்தான். அங்க பாருங்க.” அடுப்படிச் சுவரைக் காட்டினார். கரித்துண்டால் வட்டங்களும் முக்கோணங்களும் கூரை வரை ஏறியிருந்தன. “வெள்ளையடிக்க வேணாம்னு சொல்லிட்டா, பரீட்ச முடியட்டும்னு. டிசம்பருக்கு சாரு இருக்கீங்கல்ல, அந்த தைரியந்தான்.”

செல்வராஜ் தலை நிமிராமல் சாப்பிட்டார். அவர் அக்காவுக்கு ஒன்றும் சொல்லியிருக்கவில்லை என்பது அப்போது தெரிந்தது. நான் தண்ணீரைக் குடித்தேன். சுவரில் ஒரு வட்டத்துக்குத் தொடுகோடு பிழையாக வரைந்திருந்தாள். கை துருதுருத்தது, எழுந்து போய்த் திருத்தவில்லை.

திரும்பும் பயணம் என் கணக்கை ஒரு வளைவு முடிவதற்குள் கிழித்துப் போட்டது. காலையில் காற்றாகப் பறந்த தெரு இப்போது சுவராக நின்றது. நான் எழும்பி நின்று உழக்கினேன், வளைந்து வளைந்து உழக்கினேன். செல்வராஜ் முதல் ஏற்றத்திலேயே இறங்கிவிட்டார். ஒரு கையால் சைக்கிளை உருட்டிக்கொண்டு என் பக்கத்தில் நடந்தார். அவமானம் என்னவென்றால், இருவரும் ஒரே வேகத்தில்தான் போனோம். அவர் காற்சட்டைப் பையிலிருந்து அக்கா கொடுத்த கச்சான் கடலையைக் கொறித்துக்கொண்டு, இளம் வயதில் தன் தோட்டத்து நாடகத்தில் இராவணனாக நடித்தபோது ஒட்டுத்தலைகள் ஒவ்வொன்றாகக் கழன்று விழுந்த கதையைச் சொன்னார். எனக்குச் சிரிக்கவும் மூச்சில்லை.

“பேசாதீங்க சார். நீங்க மிதிங்க. நான் பாட்டுக்கு சொல்லிக்கிட்டு வர்றேன்.”

வட்டவளைக்குக் கிட்ட, ஒரு பஸ் தரிப்பிடத்துக்குச் சற்றுக் கீழே, செல்வராஜ் செருப்பு வாரைச் சரிசெய்யப் பின்தங்கினார். நான் தனியாக வளைவைத் திரும்பினேன். அடுத்து என்ன நடந்தது என்பது எனக்கு நடந்து முடிந்த பிறகுதான் தெரியும். நான் நிலத்தில் நின்றேன். தலை குனிந்திருந்தது. சைக்கிளை உருட்டி நடந்துகொண்டிருந்தேன். தரிப்பிடத்தில் பச்சை வரிச் சீருடையில் இளைஞன் ஒருவன் நின்றான். சென்ரி ஒன்றுமில்லை, தடை ஒன்றுமில்லை. கையில் துவக்குக்கூட இல்லை, ஒரு பயணப்பையும் பிளாஸ்டிக் பூந்தொட்டியும் மட்டும். விடுமுறையில் வீட்டுக்குப் போக பஸ்ஸுக்காக நிற்கும் சிப்பாய். அவனைக் கண்டது நான் இல்லை, என் கால்கள்.

அவன் என் பின்னால் வந்தான். “மொக்கத மஹத்தயா, செயின் எக்க பென்னத?” சங்கிலி கழன்றுவிட்டதா என்று கேட்கிறான். என் சிங்களம் அப்போது கடைத்தெருச் சிங்களம். அதுவும் அந்தக் கணத்தில் வரவில்லை. நான் சட்டைப் பையிலிருந்து அடையாள அட்டையை எடுத்து நீட்டினேன். அவன் அதைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். சங்கிலிக்கும் அட்டைக்கும் என்ன சம்பந்தமென்று அவனுக்கு விளங்கவில்லை. பூந்தொட்டியைக் கீழே வைத்து, குந்தி, சங்கிலியைச் சுற்றிப் பார்த்தான். அது ஒழுங்காகத்தான் இருந்தது. எழும்பிக் கையைத் துடைத்துக்கொண்டு, மரியாதைக்காகவோ என்னவோ அட்டையை வாங்கி, முகவரியை வாசித்தான். “ஆ, யாப்பனே!” பிறகு வேகமாக ஏதோ சொல்லி, கையால் ஒரு பெரிய உருண்டையைக் காட்டினான்.

அதற்குள் செல்வராஜ் வந்துவிட்டார். “இவரும் ஒரு வருசம் ஒங்க ஊருல இருந்தாராம் சார். ஒங்க ஊரு மாம்பழம் மாதிரி எங்கயும் தின்னதில்லயாம்” என்று மொழிபெயர்த்தார். நான் சிரித்தேன். சிரிக்க வேண்டும்போலத்தான் இருந்தது. அவன் திருப்பித் தந்த அட்டையைப் பைக்குள் வைத்தேன். பஸ் வந்தது, அவன் பூந்தொட்டியை அணைத்துக்கொண்டு ஏறிப்போனான்.

“பந்தயம் முடிஞ்சுது. இறங்கிட்டன்” என்றேன்.

செல்வராஜ் என் கால்களைப் பார்த்தார். வழக்கமான பகிடிக்கு இதைவிட நல்ல இடம் கிடைக்காது. அவர் மறுப்பாகத் தலையை ஆட்டினார். “இது கணக்குல வராது சார். நீங்க எங்க எறங்குனீங்க? ஒங்கள யாரோ எறக்கி வுட்டாங்க. ஏறுங்க.”

நான் ஏறினேன். வெல்லும் வாய்ப்பு இன்னும் இருந்தது. அப்படியிருந்தும் எனக்குள் சின்ன ஏமாற்றம் ஒன்று எழுந்ததை அந்த ஏற்றம் முழுக்க உணர்ந்தேன். வெல்லப்போகிறவனுக்கு எதற்கு ஏமாற்றம்?

பின்னேர வெயில் தேயிலையின் மேல் மஞ்சளாகச் சாய்ந்தபோது கடைசி ஏற்றத்துக்கு வந்தோம். ஹட்டனின் தகரக் கூரைகள் தெரிந்தன. என் கால்கள் மரத்துப்போய்த் தம் பாட்டில் உழக்கின. போய்ச் சேர்ந்துவிடுவேன் என்று எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும். அவர் கதை சொல்வதை நிறுத்தியிருந்தார். பிறகு, பந்தயத்துக்குச் சம்பந்தமே இல்லாத குரலில் கேட்டார்: “வனிதாவுக்குக் கணக்கு வருமா சார்? எனக்குத் தெரியாது, அதான் கேக்குறேன். வருமா?”

அதற்கு ஒரு சொல்லில் பதில் இல்லை. அவளுக்கு அட்சரகணிதம் நன்றாக வருகிறது; கேத்திரகணிதத்தில் வரைகிறாள், ஆனால் ஏன் என்று கேட்டால் பயப்படுகிறாள்; தொடுகோடு பிழை; ஆறு மாதம் ஒழுங்காக இருந்தால் திறமைச் சித்தி எடுப்பாள். இவ்வளவையும் சொல்ல எனக்கு மூச்சு வேண்டும். உழக்கிக்கொண்டு சொல்ல முடியாது.

நான் பிரேக்கைப் பிடித்து, காலைச் சுழற்றி இறங்கினேன்.

செல்வராஜ் நின்றுவிட்டார். என் பின்னால் பார்த்தார், முன்னால் பார்த்தார். தெருவில் சீருடை ஒன்றுமில்லை. மேய்ச்சல் முடிந்து திரும்பும் மாடு ஒன்று மட்டும். “என்னா சார், செயின் பாஞ்சிருச்சா?”

“இல்லை. கதைக்கவேணும்போலை கிடக்கு” என்றேன். “நடவும். முதலாவது, அந்தச் சுவரிலை அவள் கீறின தொடுகோடு பிழை…”

அவர் சத்தமாகச் சிரித்தார். பிறகு கண்ணைத் துடைத்துவிட்டு, பனி என்றார். இருவரும் இரண்டு சைக்கிள்களையும் உருட்டிக்கொண்டு, தெருவின் நடுவில், தொடுகோடுகள் பற்றிக் கதைத்துக்கொண்டு நடந்தோம். பின்னால் வந்த லொறிக்காரன் ஹோர்ன் அடித்துத் திட்டினான். தலை நிமிர்ந்து சைக்கிளை உருட்டி நடக்கலாம் என்பது அன்றைக்குத்தான் என் கால்களுக்குத் தெரிந்தது. டிசம்பர் வரை வரமாட்டேன் என்று அம்மாவுக்குச் சொல்வதுதான் கடினமாக இருந்தது. “சரி, நல்லூர்த் திருவிழாவுக்காவது வா” என்றார்.

ஆவணியில் போனேன். அம்மா கூட்டித் துடைத்த அறையில் படுத்தேன். மாம்பழக் காலம் முடிந்திருந்தாலும் எனக்கென்று சிலவற்றை எங்கிருந்தோ வாங்கி வைத்திருந்தார். அடுத்த நாள் காலை, தம்பியின் சைக்கிளில் சந்திக்குப் போய்ப் பால் வாங்கிவந்து முற்றத்தில் ஸ்டாண்டைத் தட்டி நிறுத்தினேன். அம்மா வாசலில் நின்று பால் போத்தலுக்குக் கை நீட்டினார். நான் குனிந்து நிலத்தில் எதையோ தேடிக்கொண்டிருந்தேன்.

“என்னடா செய்யிறாய்?”

அப்போதுதான் என் கையைப் பார்த்தேன். முற்றத்துக் கல்லொன்றைப் பொறுக்கி, பின்சில்லுக்குக் கீழே இறுக்கமாக வைத்து முடித்திருந்தேன்.

“உது எங்கை ஓடப்போகுது எண்டு கல்லு வைக்கிறாய்?” என்று அம்மா சிரித்தார்.

உண்மைதான். அந்த மண்ணில் அது எங்கும் ஓடாது. கண்ணுக்கெட்டியவரை நிலம் தட்டையாகக் கிடந்தது. சைக்கிள் அதன்மேல் அசையாமல், கல்லோடு நின்றது.